பேரும் காம்பராவும்: சப்ரகமுவத் தோட்டங்களில் நோய், முதுமை, இடப்பெயர்வு

இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு பெரும்பாலும் நுவரெலியா, ஹற்றன், பதுளை ஆகிய உயர்மலைப் பகுதிகளை முன்வைத்தே எழுதப்பட்டு வந்திருப்பதால், 1889 இல் தனி மாகாணமாக வகுக்கப்பட்ட சப்ரகமுவவின் தோட்டங்கள் அதில் ஓர் ஓரக்குறிப்பாகவே நின்றுவிட்டன. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் மலைக்கும் கடற்கரைச் சமவெளிக்கும் இடைப்பட்ட நிலம். தென்மேற்குப் பருவக்காற்று மேலே ஏறும் வழியில் முதலில் மோதுவது இந்தச் சரிவுகளில்தான். எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, புளத்கொஹுபிட்டிய ஆகிய கேகாலைப் பகுதிகளில் ரப்பரும், பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை ஆகிய இரத்தினபுரிப் பகுதிகளில் தேயிலையும் ரப்பரும் கலந்தும் வளர்ந்தன. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவு தீவாகச் சிதறிக் கிடந்த இத்தோட்டங்களைச் சூழ்ந்த வட்டாரம் எதிலும் தமிழர் பெரும்பான்மையாக இருந்ததில்லை. உடல் எதனால் நோயுற்றது, யார் எங்கே முதுமை அடைந்தார், யார் எப்போது புறப்பட்டுப் போனார் என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த மண்ணின் ஈரமும் இந்தச் சிதறலும் பாதி விடையைத் தருகின்றன. மறுபாதி தோட்டத்து வழக்கில் உள்ள இரண்டு சொற்களில் இருக்கிறது.

அவற்றுள் ஒன்று ‘பேர்’. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில், அதாவது தொழிலாளர் வரிசையாக நின்று அன்றைய வேலையைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில், கணக்கப்பிள்ளை செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் ஒருவரின் பெயருக்கு நேரே இடும் குறியே அவருடைய நாட்கூலி ஆனபடியால், கூலிக்கே பேர் என்ற பெயர் வந்தது. குறித்த அளவு வேலை முடியாதபோது விழுவது அரைப்பேர். மற்றது ‘காம்பரா’. போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த இச்சொல், லயம் எனப்படும் நீண்ட வரிசைக் கட்டடத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்படும் ஒற்றை அறையைக் குறிக்கும். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட அந்த அறையில் அடுப்பும் படுக்கையும் பிரசவமும் சாவும் நடந்தன. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவருக்காவது பேர் விழும் வரைதான் அதில் இருக்க முடியும். வேலையும் தலைக்கு மேலுள்ள கூரையும் இவ்வாறு ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்ததை ஒதுக்கிவிட்டு, இப்பகுதியின் நோயையும் முதுமையையும் இடப்பெயர்வையும் விளங்கிக்கொள்ள இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கோப்பித் தோட்டங்களுக்காக வந்தவர்கள் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் திரும்பியவர்கள். 1869 இல் கோப்பி இலைத்துரு நோய் தோன்றி அடுத்த இரண்டு பத்தாண்டுகளுக்குள் அப்பயிரை அழித்த பின்னர், ஆண்டு முழுவதும் ஆள் வேண்டிய தேயிலையும், 1876 இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டு 1905 ஐ ஒட்டிய விலையேற்றத்தில் பெருகிய ரப்பரும் குடும்பங்களை நிலையாக இருத்தின. சப்ரகமுவவில் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய தண்டவாளம். அது 1903 இல் எட்டியாந்தோட்டையையும் 1912 இல் இரத்தினபுரியையும் எட்டியது. அதற்கு முன்னர் களனி, களு ஆகிய ஆறுகளில் படகேறியும் கால்நடையாகவும் கடந்த தொலைவை ஒரே நாளில் கடக்க முடிந்ததால், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் ஆகிய வட்டாரங்களின் வறண்ட ஊர்களிலிருந்து ஆள்கட்டிவந்த கங்காணிகளுக்கு இந்த மழைச்சரிவுகள் எட்டாத இடமாக இருக்கவில்லை. 1914 இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கப்பட்டதை ஒட்டி மண்டபத்தில் அமைந்த முகாமில், புறப்படுவோர் சில நாள் தடுத்துவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, உடல் பார்க்கப்பட்டே கப்பலேற்றப்பட்டனர். பிளேக்கும் வாந்திபேதியும் தீவுக்குள் வராமல் தடுக்க எழுந்த இந்த ஏற்பாடு, மறுபக்கத்தில், உழைக்கத் தகுந்த உடல்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் சல்லடையாகவும் வேலை செய்தது.

வறண்ட புன்செய் நிலத்திலிருந்து வந்த கால் சப்ரகமுவவின் ஈரத்தில் முதலில் சந்தித்தவை அட்டையும் சேற்றுப்புண்ணும் கொக்கிப்புழுவுமாகும். கொக்கிப்புழு என்பது மனித மலத்தோடு மண்ணில் விழும் முட்டையிலிருந்து வெளிவந்து, நிழலும் ஈரமும் உள்ள நிலத்தில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் புழு. அதற்கு வேண்டிய நிழல், ஈரம், வெப்பம், செருப்பற்ற கால், கழிப்பிடம் இல்லாத குடியிருப்பு ஆகிய ஐந்தையும் ஒருசேரக் கொடுத்த இடமாக ரப்பர் மலையைவிடப் பொருத்தமான இன்னொன்றைச் சொல்வது கடினம். 1916 இல் ரொக்கபெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரக் குழு மாத்தளைப் பகுதியில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தீவின் தோட்டங்களுக்குப் பரவியபோது, மருந்தைக் கொடுத்துப் புழுவை வெளியேற்றுவது எளிதாகவும், மீண்டும் புழு ஏறாமல் இருக்கக் கக்கூஸ் கட்டுவது அரிதாகவும் இருந்தது. மருந்துக்கான செலவு ஒருமுறையோடு முடிவது, கட்டடத்துக்கானதோ தோட்டத்தின் முதலில் கை வைப்பது. இரத்தசோகையால் வெளிறி, நடந்தால் மூச்சு வாங்கி, மலையேற முடியாதவர் பிரட்டுக் களத்தில் சோம்பேறி என்று பெயர் வாங்கினார். புழு குடித்த இரத்தத்துக்கும் அரைப்பேருக்கும் உள்ள தொடர்பு அந்தப் பதிவேட்டில் எழுதப்படவில்லை.

சட்டம் மருத்துவத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தது என்றும் கூற முடியாது. 1872 இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டு, மாவட்ட ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் நிறுவப்பட்டன. 1912 இல் அது விரிவாக்கப்பட்டு, தோட்டங்கள் தாமே மருந்தாளரை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஊக்குவிக்கப்பட்டது. ‘டாக்டர் ஐயா’ என்று தொழிலாளர் அழைத்த அந்த மருந்தாளர், ஒரே சமயத்தில் நோயாளிக்கு வைத்தியராகவும் தோட்ட நிர்வாகியான துரைக்கு ஊழியராகவும் இருந்ததால், இன்று இவரால் வேலை செய்ய முடியுமா என்ற கேள்விக்கே அவர் முதலில் விடை சொல்ல வேண்டியிருந்தது. வேலைக்குப் போகாத நாளில் பேர் இல்லை என்பதால் தொழிலாளியும் நோயை முற்றும் வரை மறைத்தார். உடல் தளர்ந்தவர் கடனைத் தீர்த்து ஊருக்குத் திரும்புவதே வழக்கமான முடிவாக இருந்தது. கங்காணியிடம் பெற்ற முன்பணக் கடனைக் குறித்து, அதைச் செலுத்தினால் ஆளை விடுவிப்பதாக எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ முறை 1921 இல் ஒழிக்கப்படும் வரை அந்த வழியும் பலருக்கு அடைபட்டிருந்தது.

இவ்விடத்தில் பழைய புள்ளிவிவரங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தோட்டங்களின் இறப்பு வீதம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்ததைக் குடியேற்ற நிர்வாகமும் தோட்ட முதலாளிகளும் தம் நற்பணிக்குச் சான்றாகக் காட்டினர். மண்டபத்துச் சல்லடையில் தேறிய இளம் உடல்களே உள்ளே வந்தன, தேய்ந்த உடல்கள் கடலைக் கடந்து வெளியே சென்றன என்பதை நினைவில் கொண்டால், அவ்வீதம் தோட்டத்தின் நலத்தைக் காட்டிலும் தோட்டத்தின் வயதையே அளந்தது என்பது புலப்படும். எட்டியாந்தோட்டையில் தேய்ந்த உடல் திருச்சிராப்பள்ளி வட்டாரத்துத் துறையூர்ப் பக்கத்துச் சிற்றூரில் அடங்கியபோது, அந்தச் சாவு எந்தத் தோட்டத்தின் கணக்கிலும் ஏறவில்லை. முதுமை என்பது அக்காலத் தோட்டப் பொருளாதாரம் தமிழ்நாட்டின் கிராமங்கள் மீது இறக்கி வைத்த செலவு.

கூலியும் நிலத்தின் உயரத்தை வைத்தே நிர்ணயிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929 இல் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி மேல்நாட்டு ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் கிடைத்தபோது, கீழ்நாட்டுத் தோட்டங்களில் அவை 50 ஆகவும் 40 ஆகவும் இருந்தன. தாழ்நிலத்தில் வாழ்க்கைச் செலவு குறைவு என்ற கணிப்பு இதற்குப் பின்னால் நின்றது. சப்ரகமுவ ரப்பர் தொழிலாளிக்கு இந்தக் குறைவோடு இன்னொன்றும் சேர்ந்தது. மழை பெய்தால் தேயிலை தளிர்க்கும், கொழுந்து பெருகும். ரப்பரிலோ பால்வெட்டுபவர் இருள் பிரியும் முன்னரே மரத்தடிக்குச் சென்று, பட்டையில் சாய்வாக மெல்லிய சீவலைச் சீவி, வழியும் பாலைச் சிரட்டையில் ஏந்தி, வெயில் ஏறும் முன் வாளியில் சேர்த்தாக வேண்டும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய தடத்தில் வழியாமல் மரமெங்கும் பரவி வீணாகும் என்பதால் வெட்டு நிறுத்தப்படும். ஆகவே விடியற்காலை மழை என்பது பேர் இல்லாத நாள். மேல்நாட்டில் கூடையை நிரப்பும் மழையே கீழே சட்டியை வெறுமையாக்கியது. வைகாசி, ஆனி மாதங்களில் ஈரமும் காய்ச்சலும் அரைவயிறும் சேர்ந்தே வந்தன. நிறுத்திய வெட்டில் மரத்தடியில் கிடக்கும் சிரட்டைகளில் தேங்கும் நீர் கொசு பெருக இடமாகும் என்பதும், டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் கொசுக்களுக்கு அதுவே தொட்டில் என்பதும் பின்னாளில் பேசப்பட்ட செய்தி.

உலகப் பொருளாதார வீழ்ச்சியில் 1930 களின் தொடக்கத்தில் ரப்பர் விலை அடிமட்டத்துக்குச் சரிந்தபோது பல தோட்டங்களில் வெட்டு அடியோடு நின்றது. ஆயிரக்கணக்கானோர் அரசு செலவில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதைத் தொடர்ந்து 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் வெள்ளமாக ஓடி மலேரியாக் கொசுவின் முட்டைகளை அடித்துச் செல்லும் மகா ஓயாவும் களனியின் கிளைகளும் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. தெளிந்த, வெயில் படும் நீரில் பெருகும் அனோபிலிஸ் கொசு அக்குட்டைகளை நிறைத்தது. அவ்வாண்டு இறுதியில் கிளம்பி 1935 இல் தணிந்த மலேரியாக் கொள்ளைநோய் தீவெங்கும் சுமார் 80,000 உயிர்களைக் குடித்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. கேகாலை மாவட்டம் அதில் மிகக் கடுமையாகத் தாக்குண்ட பகுதிகளுள் ஒன்று. மலேரியாவுக்குப் பழகாத ஈரவலய மக்களின் உடலில் எதிர்ப்பு இல்லை. விலைவீழ்ச்சியால் உணவும் இல்லை. இடதுசாரிகளின் சூரியமல் இயக்கத்தினர் கேகாலைக் கிராமங்களில் மருந்தும் உணவும் பகிர்ந்து செய்த தொண்டே, 1935 இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சிக்கும் 1936 தேர்தலில் றுவன்வெல்லையில் அக்கட்சியின் என். எம். பெரேரா பெற்ற வெற்றிக்கும் நிலம் பண்படுத்தியது. இதில் ஒரு முரண் உண்டு. பிரட்டுக் களத்தில் கொயினா கொடுக்கப்பட்டதாலும், சட்டப்படி அரிசி வழங்கப்பட்டதாலும், லயங்கள் ஆற்றுப்படுகையிலிருந்து விலகி மேட்டில் இருந்ததாலும் தோட்டத் தொழிலாளரிடையே சாவு அண்டைக் கிராமங்களைவிடக் குறைவாக இருந்தது. உழைப்பாளியின் உடலைக் காப்பது இலாபமாக இருந்த இடத்தில் அது காக்கப்பட்டது. யாருடைய கணக்கிலும் இல்லாத சிங்களக் குடியானவர் மடிந்தார். இரண்டு ஏழைகளுக்கு இடையே இந்த வேறுபாடு விதைத்த கசப்பு அரசியலில் பின்னர் முளைத்தது.

1939 இல் இந்திய அரசு, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தது. அதுவரை இளமை வந்து முதுமை போய்க்கொண்டிருந்த கதவு சாத்தப்பட்டதும், தோட்டங்களில் முதன்முறையாகத் தாத்தாக்களும் அப்பாயிகளும் அம்மாயிகளும் பெருந்தொகையாகக் காணப்பட்டனர். வந்துபோனவர்கள் குடிமக்களாயினர், அதை ஏற்கச் சட்டம் மறுத்தது. கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மியர் என்ற தோட்டம், தொழிலாளர் நாவில் உருளவள்ளி, கிராம விரிவாக்கத்துக்காக அரசால் கையகப்படுத்தப்பட்டு, லயங்களில் இருந்தவர்களுக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டபோது, அவர்கள் மறுத்தனர். 1946 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவர்களுக்கு ஆதரவாக வேலைநிறுத்தத்தை நடத்தியது. வெளியேற மறுத்தவர்கள் மீது குற்றவியல் அத்துமீறல், அதாவது பிறர் உடைமையில் தீய நோக்கோடு தங்கியிருத்தல், என்ற குற்றம் சாட்டப்பட்டது. இலங்கை நீதிமன்றங்கள் குற்றவாளி என்று தீர்த்த தொழிலாளி ஒருவரின் வழக்கு இலண்டனில் பிரிவிக் கவுன்சில் வரை சென்று, 1950 இல் அவருக்குச் சார்பாக முடிந்தது: தனக்கு உரிமை உண்டு என்று மனமார நம்பி ஒருவர் தங்கியிருக்கும்போது, அது உரிமையாளருக்கு எரிச்சலூட்டும் என்று தெரிந்திருந்தாலும் அந்தக் காரணத்தால் மட்டும் குற்றமாகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். காம்பராவுக்கும் மனிதருக்கும் உள்ள உறவு கூலி ஒப்பந்தத்தைவிடப் பெரியது என்பதைத் தொழிலாளர் தம் பிடிவாதத்தால் ஏற்கெனவே சொல்லியிருந்தனர். தீர்ப்பு வந்தபோது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிவிட்டிருந்தது.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோரான 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும் எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்ப்பதென்றும் வகுத்தது. 1974 இல் அந்த எச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. எண்ணிக்கையில் சமமாக வகுபட்டது குடும்பத்தில் அவ்வாறு வகுபடவில்லை. தகப்பன் இந்தியாவுக்கும் மணமான மகள் இலங்கைக்குமாக விண்ணப்பித்த வீடுகளில், யார் யாரை முதுமையில் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி தலைமன்னார்த் துறைமுகத்தில் அறுந்தது. ரப்பர் தொழில் அறிந்து சென்றவர்களுக்குக் கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களிலும், கன்னியாகுமரி மாவட்டத்திலும் அரசு ரப்பர் தோட்டங்களில் இடம் கிடைத்தது. அங்கும் மழைச்சரிவு, அங்கும் விடியற்காலை வெட்டு.

போகாமல் இருந்தவர்களுக்கு 1970 களே மிகக் கொடியவை. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. சப்ரகமுவவின் சிறு, நடுத்தரத் தோட்டங்கள் துண்டாடப்பட்ட இடங்களில் பேர் நின்றது. அதோடு காம்பராவும் போனது. 1973–74 இன் உணவுத் தட்டுப்பாட்டில், கீரை பிடுங்கவும் மரவள்ளி நடவும் சொந்தக் காணி இல்லாதவர்களின் லயங்களில் பட்டினி நேரே புகுந்தது. தோட்டக் குழந்தைகளின் சாவு ஆயிரம் பிறப்புக்கு நூற்றைத் தாண்டியது. அப்போது நாட்டின் பொதுச் சராசரி அதில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. பெரும்பான்மைக் கிராமங்கள் சூழ்ந்த இத்தோட்டங்கள் 1977 இலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்திலும், 1983 இலும் தமிழருக்கு எதிரான வன்முறைகளில் எரிக்கப்பட்டபோது, ஓடியவர்களில் ஒரு பகுதியினர் வவுனியா, கிளிநொச்சிக் காடுகளுக்குச் சென்று சேர்ந்தனர். ஈரவலயத்து உடல் வறண்டவலயத்து மலேரியாவை இரண்டாம் முறை சந்தித்தது. பின்னர் போரும் அங்கேயே அவர்களைச் சந்தித்தது.

1992 இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு மாறின. குடியுரிமைச் சிக்கலுக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பெருமளவில் முடிவு கண்டது. உடல்நலக் குறியீடுகள் முன்னேறின. எனினும் 2016 இன் குடித்தொகை, சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17 சதவீதமாக இருக்கத் தோட்டத்துறையில் கிட்டத்தட்ட 32 சதவீதம் என்று கண்டது. உயரக் குறைவு என்பது கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் உண்டான பற்றாக்குறையின் தழும்பு; தாயின் இரத்தசோகை அதில் எழுதப்பட்டிருக்கும்.

இப்போது இளையோர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், பெண்கள் வளைகுடா நாடுகளின் வீடுகளுக்கும் போக, லயங்களில் மீந்திருப்பவர்கள் முதியோரும் பேரக்குழந்தைகளும். ஊழியர் சேமலாப நிதியைப் பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் எடுத்துக்கொண்டு பேரிலிருந்து விலகியவர்கள், மறுவாரமே அதே மலையிலோ அருகிலுள்ள சிறுதோட்டத்திலோ கைக்காசுக்கு, அதாவது பதிவேட்டில் ஏறாத அன்றாடக் கூலிக்கு, இறங்குவது வழக்கம். அந்த நிதியை எடுப்பதுகூடச் சிலருக்கு எளிதாயிருக்கவில்லை. பிறப்புப் பதிவில் சிங்கள எழுத்தில் ஒருவிதமாகவும், செக்ரோலில் ஆங்கில எழுத்தில் வேறுவிதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்ட ஒரே பெயரை, ஒரே ஆளுடையதுதான் என்று சத்தியக்கடதாசி முடித்து நிரூபிக்க மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுவதும் பேருக்காக உழைத்தவருக்கு முடிவில் பெயரே தடையானது.

மழை மட்டும் குறையவில்லை, கனத்தது. லயங்கள் பயிருக்கு உதவாத செங்குத்துச் சரிவுகளை வெட்டிய திட்டுகளில் கட்டப்பட்டவை. அவற்றுக்கு மேலேயும் கீழேயும் வெட்டிய மண். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களைப் புதைத்த அதே நாட்களில், புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயம் ஒன்றும் மண்ணுக்குள் போனது. அடுத்த ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் மீண்டும் சரிவுகளைக் கண்டது. அபாய எச்சரிக்கை வந்ததும் தோட்டத்துக் குடும்பங்கள் பாடசாலைக்கும் கோயில் மண்டபத்துக்கும் இறங்குகின்றன. பாதுகாப்பான இடத்தில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் எட்டியவர்கள் போக, ஏனையோர் மழை விட்டதும் பழைய காம்பராவுக்கே ஏறுகின்றனர். மழை விட்ட விடியலில் ரப்பர் மரத்தின் பட்டை காய்ந்திருக்கும். பால்வெட்டுக்கு அன்று பேர் உண்டு.